கொள்கைக்கு ஒரு பெருக்கல் குறி

எங்கள் சாஜிதா பானு டீச்சர் தினமும் புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி, சங்கரன்கோவில் டியூஷன் சென்டருக்கு இயற்பியல் நடத்த வருவார். எந்தக் கொள்கையையும் அது எங்கே தோற்றது என்று சொல்லாமல் அவர் முடித்ததே இல்லை. அணு தர்பூசணிப் பழம் மாதிரி என்று ஒரு காலத்தில் நம்பினார்களாம். அதை அழகாகப் படம் வரைந்து விளக்கிவிட்டு, மேலேயே பெரிய பெருக்கல் குறி போடுவார். எலக்ட்ரான்கள் கோள்களைப் போலச் சுற்றுகின்றன என்ற அடுத்த கொள்கைக்கும் அதே கதிதான்.

தப்பான பாடத்துக்கா பணம் கட்டுகிறோம் என்று சில பெற்றோர் கேட்டுவிட்டார்கள். சென்டர் முதலாளி சங்கரசுப்பு, கட்சிக் கொடி கட்டிய காரில் வந்து இறங்கினார். வகுப்புக்குள் நுழைந்து எங்கள் முன்னாலேயே சத்தம் போட்டார்.

"டீச்சர், கொள்கைன்னா மாறக் கூடாது. மாத்தி மாத்திச் சொன்னா பிள்ளைக எதை நம்பும்? இனிமே தப்புங்குற பேச்சே இங்கன வரக் கூடாது."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணாச்சி, தர்பூசணிய ஏன் விட்டோம்னு கேளுங்க, சோதனையோட சொல்லுதேன். உங்க கார்ல இப்பம் பறக்குறது மூணாவது கட்சிக் கொடி. முந்தின ரெண்டும் தப்புன்னு எந்தச் சோதனைல கண்டுபிடிச்சீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சங்கரசுப்புவின் முகம் சிவந்தது.

"நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்."

"சரி அண்ணாச்சி. இன்னைக்குப் பாடம் முடியல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போர்டை மறைக்கீங்க."