அவள் சொன்ன ஓம்

இதை எழுதி வைத்துத்தான் வாசிக்கிறேன். எழுந்து நின்று பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். பிறகு ராணி அக்கா தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வருவா, சாட்சி அந்தரத்தில் நின்றுவிடும். தேவனுடைய பிள்ளைகளே, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். என் மகள் குணமாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏமாந்துபோனோம் என்று ஒருவரும் சொல்லக் கூடாது.

2009 பெப்ரவரியில் பனி கொட்டி லண்டன் பஸ்கள் எல்லாம் நின்றுபோயின அல்லவா, அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு என் மகள் ஜெனி தலையைச் சுவரில் அடிக்கத் தொடங்கினாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு சொல்லும் பேசமாட்டாள். வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது. இவள் இந்தப் பக்கம் தலையால் அடிப்பாள், பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் அந்தப் பக்கம் கையால் அடிப்பார். நடுவில் நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. மூன்றரை வயதில் ஓட்டிசம் என்று எழுதித் தந்தார்கள். அந்தக் கடிதத்தில் எல்லாம் இருந்தது, ஏன் வந்தது என்பது மட்டும் இல்லை. அந்தக் குறையை எங்கள் சனம் தீர்த்து வைத்தது.

"மூண்டு பாசையிலை பிள்ளை குழம்பிப்போட்டுது" என்றார் ஒருவர். "அந்தத் தடுப்பூசி போட்டனீங்களோ? அதாலைதான்" என்றார் இன்னொருவர். கனடாவிலிருந்து என் மச்சாள் தொலைபேசியில், "வயித்திலை இருக்கேக்கை நீ ஃபாக்டரியிலை நிண்டனி எல்லே?" என்று கேட்டா. நின்றது உண்மைதான். ஜெர்மனியில் எட்டாம் மாதம் வரை இறைச்சிப் பொதி கட்டினேன். என் கணவர் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "உங்கடை பக்கத்திலை ஆரும் இப்பிடி இருந்தவையோ?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அன்றிலிருந்து நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு கல்யாணவீட்டுக்கும் போகவில்லை.

நான் எல்லாவற்றையும் நம்பினேன். ஊசி போட அவள் காலைப் பிடித்துக் கொடுத்த என் கைகளை எத்தனை நாள் வெறுத்திருப்பேன். மொழிதான் காரணம் என்றதும் வீட்டில் அவளோடு தமிழ் பேசுவதையே நிறுத்தினேன். இரண்டு வருடம். என் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நொண்டி ஆங்கிலத்தில், படம் போட்ட அட்டையைத் தூக்கித் தூக்கிக் காட்டி, "யெஸ் சொல்லு, யெஸ் சொல்லு" என்று பிள்ளையை வதைத்தேன். அவள் அட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருப்பாள்.

வெளியில் போனாலும் நிம்மதி இல்லை. பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, பிள்ளையை அடக்கத் தெரியாதா என்று கேட்டாள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு பிறந்தநாள் விழாவில் நம்மவர் ஒருவர் தன் மகனைப் பிடித்து இழுத்து, "அங்காலை போகாதை, விசர்ப் பிள்ளை கடிச்சுப்போடும்" என்றார். அது நெஞ்சில் குத்தியது. அவள் ஒருநாளும் ஒருவரையும் கடித்ததில்லை.

தலையடி தொடங்கிய பிறகு டொக்டரிடம் கொண்டுபோனேன். அவள் கிட்டப் போகவே விடவில்லை, கத்தினாள். அவர் தள்ளி நின்று பார்த்தார். இந்த ஓட்டிச வருத்தம் உள்ள பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்கள் என்றார். ஒரு கிழமை, ஏழெட்டு நாள், நிற்கும், பிறகு மறுபடியும் அடிப்பாள். அந்த நாட்களில் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. என் தம்பி குடும்பம் அங்கே. நான் ஒரு காதில் தொலைபேசியை வைத்து, யார் என்ன செய்தி சொன்னாலும் "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டு, மற்றக் கையால் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

என் ஜெபம் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் முழுக் குணம் கேட்டேன். பிறகு ஒருதரம் அம்மா என்று சொன்னால் போதும் என்றேன். மார்ச் மாதம் ஒரு நாள் குசினியில் அடுப்படித் தரையில் குந்தியிருந்து, "இவளை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே, பிறகு என்னையும் எடும்" என்று கேட்டேன். உங்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சாட்சி என்று வந்துவிட்டு அதை மறைக்க முடியாது. அழுது முடித்த பிறகு கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டேன். எங்கே நோகுது என்று மட்டும் இவள் சொல்லட்டும். வேறொன்றும் வேண்டாம்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு, தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்திருந்தார். நாம் பள்ளிக்கூட மண்டபம் எடுத்துக் கூட்டம் வைத்தோமே, அதுதான். பிள்ளையை முன்னால் கொண்டுவரச் சொன்னார். நானும் நம்பிக்கையோடுதான் கொண்டுபோனேன்.

இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். "யாரு நீ? பேரச் சொல்லு" என்று அதட்டினார். அவள் முதலில் கத்தினாள், பிறகு சத்தம் நின்றுவிட்டது. முகம் வெளுத்தது. அவருடைய கை அவளுடைய இடது காதை அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு வருட ஆங்கிலமும் எனக்கு அந்த நொடியில் மறந்துபோனது. முழங்காலில் நின்று அவள் முகத்துக்கு நேரே, "நோகுதோ மகள்? நோகுதோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

மெல்லிய, களைத்த குரல். தொலைபேசியில் நான் சொல்லும் அதே ஓம். மூலையில் இருந்து அட்டையைத் தடவிக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஊழியக்காரர் ஒரு கையால் ஒலிவாங்கியைத் தன் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "கேட்டீங்களா? மந்திரம் சொல்லுது பாருங்க. அந்நிய ஆவி" என்றார். மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்தார். நாளுக்கு நூறு தரம் ஓம் சொல்கிற சனம். அவர் சொன்னதும் கையைத் தூக்கி ஸ்தோத்திரம் போட்டார்கள். உங்களில் சிலரும் போட்டீர்கள், நான் பார்த்தேன்.

நான் எழும்பினேன். "ஐயா, கையை எடுங்கோ. அது எங்கடை ஓம். நீங்கள் ஆமா எண்டு சொல்லுறியளே, அதுதான். பிள்ளைக்குக் காது நோகுதாம்."

அவர் கையை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல இப்போது எனக்கு மனமில்லை. அவருக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்தவர்கள்தான் பேசாமல் இருந்தோம். அவளுடைய தகப்பன் கடைசி வரிசையில் குனிந்தபடி இருந்தார்.

பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மறுபடியும் சோதித்தேன். முழங்காலைத் தொட்டு, "இஞ்சை நோகுதோ?" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. வயிற்றைத் தொட்டுக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இடது காதுக்குக் கிட்டக் கை போனதும், "ஓம்." கண்ணீர் எனக்கு நிற்கவில்லை. எதிரில் இருந்த பெடியன் ஒருவன் டிஷ்யூ தந்தான்.

அங்கேயும் தலையடி, காத்திருப்பு, கத்தல் எல்லாம் நடந்தது. நான் நகரவில்லை. "மை டோட்டர் டோல்ட் மீ" என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கடைசியில் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். காதுக்குள் சீழ் கட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குப் போயிருக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகலாம் என்றார்கள். ஏழு கிழமை என் பிள்ளை அந்த நோவோடு சுவரில் மோதிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் எல்லாரும் அதை அவளுடைய குணம் என்றோம்.

வார்டில் ஒரு தமிழ்நாட்டு டொக்டர் பெண் இருந்தா. வெட்கத்தை விட்டு, ஜெனி இப்படிப் பிறந்ததற்கு நான் என்ன பிழை செய்தேன் என்று கேட்டேன். ஊசி, ஃபாக்டரி, மூன்று மொழி எல்லாவற்றையும் சொன்னேன். அவ நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குக் கிட்ட உட்கார்ந்தா.

"ஊசி இல்லம்மா. அதை நிறைய பேர் ஆராய்ஞ்சு பாத்துட்டாங்க. மொழியும் இல்ல, தமிழ்லயே பேசுங்க. மூளை வேற விதமா அமைஞ்சு இந்தப் பிள்ளைங்க பிறக்குறாங்க. பரம்பரையும் இருக்கும், இன்னும் தெரியாததும் இருக்கு. இதுதான்னு ஒரு காரணத்தை யாராலயும் காட்ட முடியாது. நீங்க எதுவும் தப்பு பண்ணல."

நல்ல பதில்தான். ஆனால் பழி இறங்கிய இடத்தில் சந்தோஷம் வந்து இருக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்றால் யாரையும் மன்னிக்கவும் முடியாது. மே மாதம் என் தம்பியின் தொலைபேசியும் நின்றுபோனது. இன்றுவரை செய்தி இல்லை. அதற்கும் ஜெபித்தேன். அதற்குப் பதில் வரவில்லை. அதையும் இந்தச் சாட்சியில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜெனி இன்னும் அம்மா என்று சொல்லவில்லை. நோகுதோ என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள். இல்லை என்ற சொல் அவளுக்கு வரவில்லை. வராமலே போகலாம். எனக்குப் பிறகு இந்தக் கேள்வியை அவளிடம் யார் கேட்பார்? வீட்டில் இப்போது தமிழ்தான். அவளுடைய தகப்பன் இன்னும் எங்களோடு கல்யாணவீடுகளுக்கு வருவதில்லை. ஆனால் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம், "நோகுதோ பிள்ளை?" என்று கேட்கிறார்.

நம்பிக்கை அற்றுப்போய் வந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சின்னதாகக் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். பதில் வரும்போது அது நீங்கள் பழக்கிய சொல்லில் வராது, ஒலிவாங்கி வைத்திருக்கிறவருக்கும் விளங்காது. நீங்கள் பிள்ளையின் முகத்துக்குக் கிட்ட இருங்கள். அடுத்த முறை இங்கே ஒரு பிள்ளை கத்தினால் திரும்பி முறைக்க முன்னம் என் மகளை நினையுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

இன்று காலை இங்கே வர வெளிக்கிடும்போது அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே, "நோகுதோ மகள்?" என்று கேட்டேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்தோத்திரம்.