ஊசிக்கு முன் சொன்ன வார்த்தை

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது என் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, வலி பிடித்துக்கொண்டது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு வருவதுதான் என்று எலும்பு டாக்டர் பட்டை கட்டிவிட்டார். குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றார். தூக்காமல் எப்படி வளர்ப்பது என்று நான் கேட்கவில்லை.

மாமியார் தூக்கினார். குளிப்பாட்டியதும், தோளில் போட்டுத் தட்டியதும், மந்தைவெளி வீட்டு ஜன்னலில் நின்று பஸ் காட்டியதும் அவர்தான். குழந்தை பாலுக்கு மட்டும் என்னிடம் வந்தாள். குடித்து முடித்ததும் தலையைத் திருப்பி அவரைத் தேடினாள். ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் மயிலாப்பூரில் அந்த அக்குபஞ்சர் டாக்டரம்மாவிடம் போனேன். ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேசுவார்.

"இப்போ எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் உள்ள கனமா ஒண்ணு இறங்கும். வந்தா நல்லதுன்னு அர்த்தம். வந்ததும் சொல்லும்மா."

காத்திருந்தேன். வந்தது. சொன்னேன்.

"அவ்வளவுதான். இனிமே கை உன் பேச்சைக் கேக்கும்."

சில வாரங்களில் மகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிவரை ஏறிவிட்டேன். இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றேன்.

அதன்பின் டாக்டரம்மா மருமகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனார். அவரிடம் தொழில் கற்ற இளைஞர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டரம்மா குறித்துவைத்த சீட்டைப் பார்ப்பார், பஞ்சால் துடைப்பார், குத்துவார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கண்ணை மூடி அந்தக் கனத்துக்காகக் காத்திருப்பேன். வந்ததா இல்லையா என்றே தெரியாது. வலி மெல்லத் திரும்பியது. இடம் மாற்றிக் குத்துகிறாரோ என்று கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. சீட்டில் இருந்த படத்தையும் என் கையையும் அருகருகே வைத்துக் காட்டினார். அதே இடங்கள், அதே ஊசி.

தோள்வலிக்கு வந்துகொண்டிருந்த ராயப்பேட்டை தையல்காரர் பக்கத்துக் கட்டிலிலிருந்து சிரித்தார். "நானும் காலமெல்லாம் ஊசி குத்திக்கினு தான்மா கீறேன். எந்தத் துணிகிட்ட பேசினேன்? இந்த டாக்டர் நைனாவுக்கு நாமெல்லாம் துணி."

நான் சிரிக்கவில்லை. அடுத்த முறை இளைஞரிடம், டாக்டரம்மா சொல்வதைச் சொல்லிவிட்டுக் குத்த முடியுமா என்று தயங்கிக் கேட்டேன்.

"அவங்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கு மேடம், சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சு சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. சரியாயிடும்னு நான் சொல்லி, ஆகலைன்னா?"

நேர்மையான பதில். அதை மதிக்கத்தான் செய்தேன். ஆனாலும் பரவாயில்லை, சொல்லுங்கள் என்றேன். காது சிவக்க, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் எறும்பையும் கனத்தையும் சொல்லிக் குத்தினார். எதுவும் இறங்கவில்லை. சொல்லச் சொன்னது நான்தான் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

இதை வீட்டில் சொல்லியிருக்க வேண்டாம். கணவர் பேப்பரிலிருந்து தலை தூக்கினார். "அந்தம்மா பேசினதுலயே வலி போச்சுன்னா, வலியே நெனப்புதானோ?" குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதெல்லாம் மணிக்கட்டை அழுத்திப் பார்ப்பேன். வலிக்கும். அழுத்துவதால் வலிக்கிறதோ என்று சந்தேகம் வரும், விட்டுவிடுவேன்.

ஒரு மத்தியானம் மகள் பாயில் உட்கார்ந்து சிணுங்கினாள். மாமியார் சமையலறையில் இருந்தார். நினைப்புதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். பாதி உயரத்தில் கட்டைவிரல் விட்டுவிட்டது. என் மடி வழியாகச் சறுக்கிப் பாயில் விழுந்தாள். அடி படவில்லை, பயந்து வீரிட்டாள். நான் குனிவதற்குள் மாமியார் ஈரக்கையோடு ஓடி வந்தார். மகள் என்னைத் தாண்டி இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டினாள். அவர் தோளில் ஏறியதும் அழுகை நின்றது.

அவர் திட்டவில்லை. என் கையைப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல அத்தை," என்றேன்.