மாடியில் தண்ணீர் ஊற்றாத நாள்

என் கணவருக்குத் தெருவில் வைத்த பெயர் 'சட்டம்'. கோர்ட்டு ரெக்கார்டு ரூமில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இல்லாத எதுவும் அவர் காதில் ஏறாது.

எங்கள் வீட்டில் ஒரு அசிங்கம் உண்டு. மாடியில் நாங்கள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அது வாடகைக்கு விடும் கீழ்ப் போர்ஷன் குளியலறையில் பொங்கி வரும். குழாயைத் தோண்டி மாற்றச் சொன்னால் "பார்க்கலாம்" என்பார். அதற்குப் பதில் ஒரு வழி வைத்திருந்தார். வீடு பார்க்க ஆள் வரும் நாளில் மாடியில் யாரும் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, கக்கூஸ் பக்கமே போகக் கூடாது. கீழே ஃபினாயில் கமகமக்கும். நானும் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, பல்லை இளித்து வீட்டைக் காட்டியிருக்கிறேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

இந்த முறை மாட்டியவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். இடுப்பில் தவழும் வயதுக் குழந்தை, லாரியோடு வெளியூரில் கணவன். குடிவந்த நான்காம் நாள் மேலே ஏறி வந்தாள்.

"சார், நாங்க காலி பண்ணிக்கிறோம். குழந்தைக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது."

"பதினோரு மாசம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா."

"தண்ணி பொங்கும்னு நீங்க சொல்லவே இல்லையே சார்?"

"நீங்க கேக்கலையே. வெறும் சோப்புத் தண்ணிதான், ஒண்ணும் பண்ணாது."

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோடு கீழே இறங்கினேன்.

அவர் குளிக்கும் நேரத்தில் நான் கீழே நின்றது அன்றுதான் முதல் தடவை. மேலே தண்ணீர் விழும் சத்தம். இங்கே சல்லடை மூடி வழியாகக் கறுப்பாக ஏறி, குளியலறைப் படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது. நாற்றம் குமட்டியது. துடைப்பம் எடுக்க அவள் குழந்தையை இறக்கிவிட்டாள். ஒரு நொடிதான். அது தவழ்ந்து போய் அந்தத் தண்ணீரில் எதையோ பிடித்துவிட்டது. பாய்ந்துபோய் விரல்களைப் பிரித்தேன். முடி. மருதாணிச் சிவப்பில் ஒரு சுருள்.

அவள் என் தலையைப் பார்த்தாள்.

வீடு என் பெயரில்தான் இருக்கிறது. மேலே ஓடி ஒப்பந்தத்தை எடுத்தேன். 'இது ரத்து. முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பைத்தியமா உனக்கு?" ஈரத் தலையோடு வந்து கத்தினார்.

"கீழ போய் உங்க சோப்புத் தண்ணிய அள்ளுங்க."

அவள் வாசல் குழாயில் குழந்தையின் கையை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன். என் விரல் படாத ஓரமாகப் பார்த்து, நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.