கட்டுக்குள் இரும்பு ஆகாது

மருமகள் இந்த மாதம் வாங்கிவந்த புளியில் ஒரு கொட்டைகூட இல்லை. செங்கல் மாதிரி சதுரமாக அழுத்தி, பளபளப்பான உறையில் போட்டிருக்கிறார்கள். கரைக்கும்போது விரலில் எதுவும் இடறவில்லை. வாசனை மட்டும் அதேதான். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் ரசம் ஞாபகம் வரும். எனக்குக் காவலூர் மழை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே, மலைமேல் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கிற இடத்தில், எனக்கு ஸ்டோர் வேலை. ஐப்பசி பிறந்தால் பார்க்க வானமே இருக்காது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசைமேல் உட்காரும். மத்தியானத்திலேயே விளக்குப் போடவேண்டிய அந்த நாட்களில்தான் எங்கள் ஆட்டம்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பொறியாளர் துரைராஜ் ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம் கொண்டுவந்திருந்தார். அதற்குப் பலகை கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடமாகப் புகுந்து, பேசியே ஆடவேண்டும். அடி விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். பகடையை அவர் பயணத்தில் தொலைத்துவிட்டதால், ஐந்து புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெளுக்கும்வரை தரையில் உரசி எடுத்துக்கொண்டோம். தாயம் ஆடிய கைகள்தானே.

நான் வாள்வீரன். (என்னை நேரில் பார்த்தவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.) எலெக்ட்ரீஷியன் முருகேசன் மந்திரவாதி. புத்தகத்தின்படி மந்திரவாதி கவசம் அணியக்கூடாது. ஆகவே முதல் குகையிலேயே செத்துப்போவார்.

"இன்னா சார் இது, உங்களுக்கு இரும்புச் சட்ட, எனக்கு மட்டும் வெறும் வேட்டியா?"

துரைராஜ் மனமிரங்கி அவருக்கும் கவசம் கொடுத்தார். அதற்கப்புறம் முருகேசனை எதுவும் தொட முடியவில்லை. மந்திரமும் அவரிடம், இரும்பும் அவரிடம். என் வாளுக்கு வேலையே இல்லை, ஆட்டம் சப்பென்று போயிற்று. நான் கோடு போட்ட தாளில் சிவப்பு மையால் விதிகளைத் திருத்தித் திருத்தி எழுதினேன். எதுவும் சரிப்படவில்லை.

கடைசியில் வழி சொன்னவர் முருகேசனேதான். அவர் மாமியார் ஊரான சந்தவாசல் பக்கம் பூசாரி ஒருவர், வீட்டைச் சுற்றிச் சாம்பல் கோடு இழுத்துக் 'கட்டு' கட்டுவாராம். வெளியே இருப்பது உள்ளே வராது. ஆனால் கட்டுக்குள் இரும்பு ஆகாது. இரும்பு பேயையும் விரட்டும், மந்திரத்தையும் விரட்டும். ஆகவே மந்திரவாதிக்குக் கவசம் அல்லது கட்டு, ஏதாவது ஒன்றுதான்.

"இன்னொண்ணு சார். கட்டுனவன்தான் அவுக்கணும். வேற எவனாச்சும் அவுத்தா, வெளிய நின்னுகினு இருந்தது அவன் மேல வந்துடும்."

எத்தனை சுற்றில் வரும் என்பதைக் கொட்டை சொல்லட்டும் என்று துரைராஜ் மேசையைத் தட்டினார். நான் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆட்டம் பிரமாதமாக நடந்தது. ஆனால் கட்டை அவிழ்க்கும் இடம் வந்தால் மூவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

அந்த மழையிலேயே சந்தவாசலிலிருந்து ஆள் வந்தது. தலைப்பிரசவத்துக்குப் போயிருந்த முருகேசன் மனைவிக்குக் குழந்தை பிறந்தபின் காய்ச்சல் இறங்கவில்லை. மூவரும் ஜீப்பில் மலையிறங்கினோம். சந்தவாசலில் நர்சம்மாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனால், வாசலில், கூரை இறவாணத்துக்கு உள்ளே நனையாமல், சாம்பல் கோடு. அதுவரை பேச்சில் மட்டுமே நான் கண்டிருந்த கோடு.

மாமியார் நிலைப்படிக்கு அந்தப்பக்கம் நின்று நர்சம்மாவின் பெட்டியைப் பார்த்தார். உள்ளே ஊசியும் கத்தரியும் இருக்கும்.

"இரும்பு வாணாம் மாப்ள. பூசாரி வந்து அவுக்கட்டும்."

பூசாரி வேறொரு வீட்டுக்காக மலையேறியிருந்தார். ஓடையில் வெள்ளம், அவர் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளேயிருந்து முனகல் கேட்டது. குழந்தை அழவேயில்லை.

முருகேசன் திரும்பி எங்களைப் பார்த்தார். எங்களுக்கும் அந்த விதி ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. நான் தரையைப் பார்த்தேன். அவர் காலால் கோட்டைத் துடைத்தார்.

"அவுத்தது நானு, அத்த. வந்தா என் மேல வரட்டும். வாங்கம்மா."

மனைவி பிழைத்தார். குழந்தையும் பிழைத்தது, பெண். முருகேசன் வேலைக்குத் திரும்பியபோது எங்களோடு சிரித்துப் பேசினார். ஆனால் கேன்டீனில் சுவரில் முதுகு ஒட்டுகிற இடத்தில்தான் உட்கார்ந்தார். கம்பத்தில் ஏறும் முன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தினமும் பார்த்தார்.

மேகம் இறங்கிய ஒரு மத்தியானம் ஸ்டோருக்கு வந்து, கொட்டைகளை என் பக்கம் தள்ளினார்.

"போடுங்க சார். எத்தினி சுத்துன்னு தெரிஞ்சிக்கலாம்."

அது விளையாட்டு, முருகேசா என்றேன்.

"நானும் விளையாட்டுக்குத்தான் கேக்குறேன்."

முகத்தில் விளையாட்டு இல்லை. நான் கொட்டைகளை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டம் அன்றோடு நின்றது.

துரைராஜ் மறுபடி வெளிநாடு போனார். புத்தகத்தைக் கரையான் தின்றது. முருகேசன் சமவெளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். எந்த ஊர் என்று கேட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். புளியில் கொட்டை வருவதும் நின்றுவிட்டது.

அந்த ஐந்தும் என் மேசை டிராயரில்தான் இருக்கின்றன. இழுக்கும்போது உருண்டுவிடாதபடி சுற்றிலும் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறேன்.