உப்புத் தண்ணீரும் பொற்கொடியின் ஜெல்லும்

பெருந்துறைப் பக்கம் மஞ்சள் பயிரிடும் காட்டில் கூலி வேலை செய்த பொன்னாத்தாளின் மகள் பொற்கொடி. எம்.எஸ்சி. முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய சொந்தக்காரர்களிடம், “நான் இன்னும் படிக்கோணுங்க” என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு கல்லூரியில் பேராசிரியர் வரதராஜுலுவிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள்.

அவள் உருவாக்கியது ஒரு வெள்ளைத் தூள். சுடுநீரில் கரைத்து ஆறவிட்டால் அதன் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இழைகளாக நீளும். இழைகள் பின்னி வலையாகும். வலையில் தண்ணீர் சிக்கி ஜெல்லாக உறையும். குப்பியைக் கவிழ்த்தாலும் சொட்டாது. தண்ணீரில் சாயம் இருந்தால் அதை இழைகள் பற்றிக்கொள்ளும்; ஜெல்லைப் பிழிந்தால் தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியே வரும்.

வரதராஜுலுவுக்குத் தலைகால் புரியவில்லை. சாயக்கழிவைச் சுத்தம் செய்யும் பொருள் என்று ஒரு கம்பெனியிடம் பேசி, செய்து காட்ட நாளும் குறித்துவிட்டார்.

இதற்கிடையில் பொற்கொடி ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீரைக் கேனில் பிடித்து வந்தாள். அதில் ஜெல் நிற்கவில்லை. துணியில் சாயம் பிடிக்கப் பட்டறையில் உப்பை அள்ளிப் போடுவார்கள். அந்த உப்பு, இழைகளைக் கட்டி கட்டியாகத் திரளவைத்துவிட்டது.

“உப்பு இருந்தா ஒடைஞ்சு போகுதுங்க சார்.”

“தெரியுது அம்மணி. அன்னிக்கு நம்ம லேப் தண்ணியில சாயத்தைக் கலந்து காட்டிப்போடலாம். மத்ததைப் பொறகு பாத்துக்கலாம்.”

“அது பட்டறைத் தண்ணி இல்லீங்களே.”

“அதை ஆரு கேக்கப் போறாங்க?”

“கேக்காட்டியும் நான் சொல்லிப்போடுவேனுங்க.”

“சொன்னா புராஜெக்ட் போயிரும். உன்ற உதவித்தொகையும் போயிரும். யோசிச்சுக்க.”

அன்று மாலை போனில் விஷயத்தைக் கேட்ட பொன்னாத்தாள் கெஞ்சினாள். “அவரு சொல்றாப்பல செஞ்சுபோட்டு வந்துரு கண்ணு.”

“அந்தச் சாயத்தண்ணி வாய்க்கால்ல வந்து எந்தக் காட்டுல பாயுதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?”



குறித்த நாளில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். லேப் தண்ணீரில் ஜெல் அழகாக உறைந்தது, கை தட்டினார்கள். பொற்கொடி மேசைக்கடியிலிருந்து கேனை எடுத்தாள்.

“இது நெசமான பட்டறைத் தண்ணிங்க. இதுலயும் பாத்துருங்க.”

வரதராஜுலு முகம் இறுகியது. எல்லோருக்கும் முன்னால் அவளைத் தடுக்க முடியவில்லை. தூளைக் கரைத்து, ஆறவைத்து, குப்பியைக் கவிழ்த்தாள். சிவப்புத் தண்ணீர் மேசையெங்கும் ஓடியது.

“இன்னைக்கு இது உதவாதுங்க. உப்பைத் தாங்கற மாதிரி மூலக்கூறை மாத்தோணும். இப்பவே வித்தா, இதை நம்பிக் கழிவை வாய்க்கால்ல உட்ருவாங்க.”

கம்பெனி போனது. உதவித்தொகையும் நின்றது. கையெழுத்துக்குப் போனால் மட்டும் வரதராஜுலு அவளை நிமிர்ந்து பார்ப்பார். அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே மூலக்கூறின் ஒரு முனையை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பட்டம் வாங்குவது பல மாதங்கள் தள்ளிப்போயிற்று. ஜெல் உடைந்த கதைக்கு ஆய்வேட்டில் தனி அத்தியாயமே வைத்தாள். அதை எடுத்துவிடலாமே என்றார் தேர்வாளர்.

“நடந்ததை எப்படிங்க எடுக்கறது?” என்றாள்.

இப்போது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். புதிய தூள் பட்டறை உப்பில் பாதியைத் தாங்குகிறது. போன மாதம் இன்னொரு கம்பெனிக்காரர் வந்து, பாதி போதுமே, விற்கலாமே என்றார்.

“போதாதுங்க” என்று சொல்லிவிட்டு, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்து அடுத்த குப்பியைக் கழுவினாள்.