கோப்பியின் ஆறு குட்டிகளும் அம்மாவின் முறுக்குத் தராசும்

போன வருஷம், பாடாங் செராய் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும், பாம் ஆயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நடந்தது இது. ஆனால் எங்கள் நாயின் முந்தின பிரசவத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் நாய்க்குப் பெயர் கோப்பி. காப்பி நிறம் அது. அது முதல் தடவை ஐந்து குட்டி போட்டபோது, லயத்திலேயே டிப்ளோமா படிக்கிறவள் நான்தான் என்ற மிதப்பில் எல்லாப் பொறுப்பையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்று போனில் படித்தேன். அவ்வளவுதான், குட்டிகளுக்கு மூன்று மாதம் முடிகிற தேதியில் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டேன்.

அந்த வட்டம் வருவதற்கு வெகு முன்பே குட்டிகள் சுருண்டன. வயிறு மட்டும் உப்பி, ஈறு வெளுத்து, கறுப்பாகப் பேதி. நாலு குட்டிகளை அப்பா ஒவ்வொன்றாக வீட்டுக்குப் பின்னால் புதைத்தார்.

"கண்ணு பட்டிருக்கும் லா" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். தோட்டத்தில் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவர்.

ஐந்தாவதை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு பக்கத்து டவுன் கூலிமுக்கு, மிருக டாக்டரிடம் ஓடினேன். மலாய்க்காரப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். கையுறை மாட்டி, குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பூச்சி மருந்து கொடுத்தாயா என்று கேட்டார். நான் காலண்டர் கதையைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை.

மூன்று மாதக் கணக்கு வளர்ந்த நாய்க்காம். குட்டிகளுக்குத் தாயின் வயிற்றிலேயே, அப்புறம் பாலிலும், பூச்சி வந்துவிடும். அதனால் இரண்டாவது வாரமே தொடங்கி, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. தாய்க்கும் சேர்த்து. "அதுக்கப்புறம் உன் நாய் எங்கே சுத்துது, என்ன தின்னுதுன்னு பார்த்துதான் முடிவு பண்ணணும்" என்று மலாயில் சொன்னார்.

அந்தக் குட்டியும் மறுநாள் போய்விட்டது. கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை. நான் பாதி படித்ததுதான் காரணம். இதை அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

கோப்பிக்குக் கருத்தடை செய்யலாம் என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள், அது மறுபடியும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. இந்தத் தடவை ஆறு குட்டி. ஒன்றைக்கூட விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன். மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்த ஒரே சின்னத் தராசு, அம்மா தீபாவளிக்கு விற்கிற முறுக்குக்கு மாவு நிறுக்கிறது.

"அதுல நாய்க்குட்டியை வச்சேன்னு வெளிய தெரிஞ்சா, என் முறுக்கை எவ வாங்குவா?" என்று அம்மா தர மறுத்தார்.

சரி என்று குட்டியைக் கையில் ஏந்தி எடையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தராசைக் கொண்டு வந்து என் முன்னால் டொக்கென்று வைத்தார். "இனிமே இது உங்க கும்பலுக்கே. எனக்குப் புதுசு வாங்கிக் கொடு."

இரண்டாவது வாரம், நாலாவது வாரம் என்று நாள் தவறவில்லை. படுக்கிற இடத்தைத் தினமும் கழுவினேன். அடுத்த சிக்கல் மனிதர்களால் வந்தது. எங்கள் லயத்தில் குட்டி ஒரு மாதமானால் கேட்டவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதுதான் வழக்கம். கறுப்புக் குட்டியைச் சொல்லி வைத்திருந்த லாரி அண்ணன் சரியாக வந்து நின்றார். எட்டு வாரம் முடியாமல் கொடுக்க மாட்டேன் என்றேன்.

"ஏன் தங்கச்சி, சடங்கு சுத்தி, பந்தல் போட்டுத்தான் அனுப்புவியா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை. "போன தடவை அஞ்சையும் புதைச்சோமே, மறந்துட்டீங்களாண்ணே? இந்தத் தடவை நான் விடமாட்டேன்." அவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

எட்டு வாரம் முடிந்த அன்று ஆறும் உயிரோடு, ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு என் காலைச் சுற்றின. ஒவ்வொரு குட்டியோடும் அடுத்த மருந்துத் தேதிகள் எழுதிய ஓர் அட்டையும் கொடுத்து அனுப்பினேன். "எனக்கே கிளினிக் அட்டை இல்ல" என்று அண்ணன் அதை மடித்துச் சட்டைப் பையில் சொருகினார். கோப்பிக்கும் கருத்தடை முடிந்தது.

பல மாதம் கழித்து ஒரு நாள் நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, செம்பனைக் குலைகளோடு வந்த லாரி ஒன்று ஓரமாக நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்து அந்த அட்டையை நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து, எண்ணெய்க் கறை. ஆனால் ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் சரி போட்டிருந்தது.

"தங்கச்சி, ஆறு மாசத்துக்கு அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருக்கான்னு எழுதியிருக்கே. நம்ம ஆளு செம்பனைக்குள்ள எலி புடிச்சுத் தின்னுறான். அவனுக்கு அது பத்தாதேன்னு தோணுச்சு. கூலிம் டாக்டர்கிட்டயே கேட்டேன், மாசா மாசம் கொடுக்கச் சொல்லிட்டாங்க. அட்டையை மாத்து லா."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் அன்றே சொன்னதைக் கோட்டைவிட்டு மறுபடியும் மூன்று மாதம் என்று எழுதியிருந்தேன்; லாரிக் கதவில் அட்டையை வைத்து, என் எழுத்தை நானே அடித்துத் திருத்தினேன். அப்புறம் மற்ற ஐந்து வீடுகளுக்கும் போய், நாய் எங்கே சுற்றுகிறது, என்ன தின்னுகிறது என்று கேட்டு அவர்கள் அட்டையையும் திருத்தினேன். வீட்டுக்குப் பின்னால் அந்த ஐந்து குட்டிகள் இருக்கிற இடத்தைக் கடக்கும்போது இன்றும் எனக்குத் தலை குனியத்தான் செய்கிறது. ஆனால் அன்று லாரி அண்ணன் கேட்ட கேள்வியை, என் நாய் எப்படி வாழ்கிறது என்ற அந்தக் கேள்வியை, இன்று எங்கள் லயத்தில் ஆறு வீடுகள் கேட்கின்றன என்று நினைக்கும்போது, பரீட்சையில் வாங்கிய எந்த மார்க்கும் தராத நிமிர்வு ஒன்று எனக்குள் வந்துவிடுகிறது.