யாரும் கதவைத் தட்டாத கதை

1966 மார்ச் 14 — 17 சென்ட்
1967 ஜனவரி 9 — 17 சென்ட்
1968 அக்டோபர் 7 — 20 சென்ட்
1970 பிப்ரவரி 16 — 22 சென்ட்
1971 செப்டம்பர் 20 — 24 சென்ட்
1972 செப்டம்பர் 11 — 28 சென்ட்
1972 அக்டோபர் 30 — 8 சென்ட்

ஏழும் திங்கட்கிழமைகள். டன்ரோஸில் கூட்டுறவுக் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்தக் கடையின் பின்னறையில் முட்டை தரம் பிரித்துக்கொண்டிருந்த தெல்மா ஸ்டாட்னிக் எதையாவது அனுப்ப அன்றுதான் அஞ்சலகத்துக்கு வருவாள். அந்த அஞ்சலகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் அதிகாரியாக இருந்தவன் நான். மேலே இருப்பது ஏழு உறைகளுக்கு அவள் ஒட்டிய தபால்தலைகளின் மதிப்பு, என் நோட்டில் நான் குறித்து வைத்தபடி. முதல் ஆறு உறைகளிலும் போனது ஒரே கதைதான். கட்டணம் ஏறிக்கொண்டே போனது, கதை இளைத்துக்கொண்டே வந்தது. 1966இல் இருபத்திரண்டு பக்கம், 1972இல் பதினான்கு.

தெல்மா 1923 பிப்ரவரி 9 அன்று பிறந்தவள். மணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்கள் உண்டு, எனக்குத் தெரிந்து இரண்டு பேர். கூட்டுறவுக் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் இருந்தாள். காலை நாலரைக்கு எழுந்து ஆறரை வரை சமையலறை மேசையில் எழுதுவாள். ஏழு மணிக்குக் கீழே இறங்கி இருட்டறையில் விளக்குக்கு முன் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து, உள்ளே கெட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். புதன்கிழமை மதியம், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், ஊர்ப் பனிச்சறுக்குக் கூடத்தில் தனியாக நாற்பது நிமிடம் சறுக்குவாள். ஞாயிறன்று உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகி அறுபது பிடித்து வைத்தால் ஒரு வாரத்துக்கு ஆயிற்று. நல்ல நாற்காலி ஒன்று வைத்திருந்தாள். இன்னொன்று ஏன் வாங்கவில்லை என்று என் மனைவி ஒருமுறை கேட்டபோது, "விருந்தாளிக்கு அந்த நாற்காலிய குடுத்துட்டு நான் கட்டில்ல உக்காந்துக்குவேன். எனக்குக் கட்டிலும் பிடிக்கும்" என்றாளாம்.

அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 1965 புத்தாண்டன்று எழுதியது. மூன்றே வரி. கார் ஓட்டக் கற்க வேண்டும். கடலைப் பார்க்க வேண்டும். ஐம்பது வயது ஆவதற்குள் ஒரு பத்திரிகை தன் கதையை ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் வரியை அதே ஆண்டு ஜூலையில் கோடு போட்டு அடித்தாள். இரண்டாவதை 1967 ஆகஸ்டில், தனியாக ரயிலேறி வான்கூவர் போய் வந்து அடித்தாள். மூன்றாவது மட்டும் நின்றது.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். எங்கள் ஊரில் காலை பத்து மணிக்கு உணவகத்தின் நீள மேசையில் ஆண்கள் கூடி, காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டுவோம். தெல்மா வேலை இடைவேளையில் அங்கே வந்து உட்கார்ந்து தானும் உருட்டுவாள். பெண்களில் அவள் ஒருத்திதான். தானியக் கிடங்குக்காரர் நெஸ்டர் குலிக் அவளை விடவே மாட்டார்.

"என்ன தெல்மா, கதை முடிஞ்சுதா?"

"முடிஞ்சு எட்டு பக்கம் குறைஞ்சும் போச்சு."

"முட்டைக்குள்ள பாக்கற மாதிரி எங்களுக்குள்ளயும் பாத்து எழுதிடாத தாயே."

"பாத்தேன் நெஸ்டர். உன்னை மூணாந்தரத்துல போட்டிருக்கேன். கேக்குக்கு ஆகும்."

சிரிப்பு அடங்கியதும் பகடையை உருட்டினாள். அன்றைக்கும் காசு நெஸ்டர் தலையில்தான் விழுந்தது.

பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர்கள், தங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய இன்னோர் உறையையும் உள்ளே மடித்து வைக்க வேண்டும். பதில் அதில்தான் வரும். முதல் மூன்று தடவை கதை டொரன்டோவுக்கும் வின்னிபெக்குக்கும் போய், ஒன்றரை மாதத்துக்குள் அந்த உறையிலேயே திரும்பி வந்தது. கனமான உறை என்றால் கதை திரும்பிவிட்டது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்து நீட்டுவேன். கையில் தூக்கிப் பார்ப்பாள். "நல்லாத்தான் சாப்பிட்டு வந்திருக்கு" என்பாள். அடுத்த நாள் காலை நாலரைக்கு மாடியில் விளக்கு எரியும்.

நான்காவதும் ஐந்தாவதும் நாட்டின் எல்லைக்குத் தெற்கே, மினியாபோலிஸில் இருந்த ஒரு மாத இதழுக்குப் போயின. அவற்றுக்குப் பதிலே வரவில்லை. இரண்டரை ஆண்டு அமைதி. தெல்மா அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டாள். "யோசிக்கிறாங்க. வேண்டாம்னா உடனே திருப்பிடுவாங்க இல்ல?"

1972 செப்டம்பர் 11 அன்று ஆறாவது உறையைக் கொண்டுவந்தபோது அதன் வாய்ப் பசை விட்டிருந்தது. என் முன்னாலேயே பிரித்து, தாள்களை ஒழுங்குபடுத்தி மறுபடி ஒட்டப் போனாள். உள்ளே மடித்திருந்த உறையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அதில் ராணியின் படம் போட்ட எங்கள் நாட்டுத் தபால்தலைகள் வரிசையாக நான்கு.

"தெல்மா, இது என்ன?"

"திரும்பி வர்ற உறை. தலை ஒட்டித்தானே வெக்கணும்?"

"நம்ம தபால்தலை அங்க செல்லாது. அவங்க ஊர்ப் பெட்டியில போடறதுக்கு அவங்க ஊர்த் தலை வேணும்."

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ முன்னாடி அனுப்பின ரெண்டும்?"

"வேண்டாம்னு சொல்லணும்னாலும் அவங்களால இதுல போட்டிருக்க முடியாது."

தபால்தலைகளை விற்றவன் நான். எல்லை தாண்டிப் போகும் உறை என்பது முகவரியிலேயே தெரிந்தது. அவள் ஒவ்வொரு முறையும் இரண்டு பங்கு தலை வாங்கியதும் தெரியும். இரண்டாவது பங்கு எங்கே ஒட்டப்படுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லையிலிருந்து அறுபது மைல் தள்ளி வாழ்கிற எங்களுக்கு அந்தப் பக்கம் பக்கத்து ஊர் மாதிரி. அங்கே போய் மாவு வாங்குகிறோம், ஹாக்கி ஆடுகிறோம், பெண் கொடுக்கிறோம். வேறு நாடு என்பது மறந்துபோகிறது. ஆனால் அதை மறக்காமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

"மன்னிச்சிடு தெல்மா. நான் கேட்டிருக்கணும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டரை வருஷமா ரொம்ப ஆழமா யோசிக்கிறாங்கன்னு நெனச்சேன் மிஸ்டர் சோல்பெர்க்! நெஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

எந்த நாட்டிலும் தபால்தலையாக மாற்றிக்கொள்ளக் கூடிய கூப்பன் ஒன்று எங்களிடம் உண்டு. கதையைத் திருப்ப வேண்டாம், பதில் மட்டும் போதும் என்று எழுதி அதில் ஒன்றை உள்ளே வைத்தாள். பசையை நானே தடவி ஒட்டினேன். அவளுக்கு ஐம்பது ஆக ஐந்து மாதத்துக்கு இரண்டு நாள் குறைவு.

அக்டோபர் 27 அன்று மெல்லிய உறை வந்தது. மூடிய உறையை அஞ்சலகத்தில் யாரும் பிரிப்பதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தெல்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

அந்தக் கதையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தனியாக வாழும் ஒரு பெண்ணின் ஒரே ஒரு நாள். எழுகிறாள், வேலைக்குப் போகிறாள், உறைந்த குட்டையில் சறுக்குகிறாள், மீன் வாங்கி வந்து வறுத்துச் சாப்பிடுகிறாள். அவளுக்கு எதிலும் குறையில்லை. ஆசிரியர் தாராளமாகவே புகழ்ந்திருந்தார். ஒரே ஒரு திருத்தம் கேட்டிருந்தார். கடைசிப் பத்தியில் யாராவது வந்து கதவைத் தட்ட வேண்டும். யார் என்றுகூடச் சொல்ல வேண்டாம். தட்டுகிற சத்தம் போதும். அதைச் சேர்த்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்கள்.

"ஒரு வரிதானே தெல்மா" என்றேன்.

"தட்டினா அவ ஏன் திறக்கணும்? சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. மீன் ஆறிப்போகும்."

நெஸ்டரும் மறுநாள் மேசையில் விடவில்லை. "ஏன் இப்படி அடம் பிடிக்கற? ஒருத்தன் தட்டிட்டுப் போகட்டுமே. உன் வீட்டுக் கதவா அது?"

"என் வீட்டுக் கதவா இருந்தா பரவால்ல, வந்தவனுக்குக் காப்பி குடுத்து அனுப்பிடுவேன். அது அவ வீடு. சத்தம் கேட்டா, அவ நாள் பூரா அதுக்காகவே காத்திருந்தான்னு ஆயிடும் நெஸ்டர். அவ காத்திருக்கல. அதைச் சொல்லத்தான் ஆறு வருஷமா எழுதினேன்."

"ஐம்பது வந்துடும். அந்தத் தாள்ல மூணாவது வரி அப்படியே நிக்கும்."

"நிக்கட்டும்."

அக்டோபர் 30 அன்று அவள் அனுப்பியது ஒரு பக்கக் கடிதம். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். நன்றி, திருத்தத்துக்கு இடமில்லை, அப்படியே வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் வருத்தமில்லை. இந்த முறை கூப்பனை அவளே கேட்டு வாங்கினாள்.

நவம்பரில் பதில் இல்லை. டிசம்பரில் இல்லை. ஜனவரியில் ஒவ்வொரு தபால் பையையும் நானே முதலில் கவிழ்த்துத் தேடினேன். தெல்மா தேடவில்லை. மாடியில் வழக்கமான நேரத்துக்கு விளக்கு எரிந்தது. புது வருடத்தில் வேறொரு கதை தொடங்கியிருந்தாள். முட்டை அறையில் வேலை செய்யும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்ளும் கதையாம். அதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 9 வெள்ளிக்கிழமை. அவளுக்கு ஐம்பது. நெஸ்டர் அன்று பகடை உருட்டாமலே காசு கொடுத்தார். தாளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. "என்ன எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கீங்க? கேக்கை வெட்டுங்கப்பா" என்று அவளே அதட்டினாள். அன்றிரவு தொடங்கிய பனிப்புயலில் ரயில்பாதை மூடியது. நான்கு நாட்கள் எங்களுக்குத் தபால் இல்லை.

பாதை திறந்து வந்த பையில் மெல்லிய உறை இருந்தது. அன்று மாலை வேலை முடிந்து வந்த தெல்மா பிரித்துப் படித்தாள். கதை ஒரு எழுத்தும் மாறாமல் ஜூன் இதழில் வருகிறது. ஆசிரியர் அதை மூன்று முறை படித்ததாகவும், கடைசியில் தனக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

நான் முத்திரையைக் காட்டினேன். "மினியாபோலிஸ்ல பிப்ரவரி 6ஆம் தேதி முத்திரை போட்டிருக்காங்க தெல்மா. உனக்கு அப்போ நாப்பத்தொம்பதுதான். நீ ஜெயிச்சுட்ட. மூணாவது வரிய அந்தத் தேதி போட்டே அடிக்கலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் உங்க நோட்டுல தேதியைக் கரெக்டா எழுதிட்டு எனக்காக ஏன் மாத்தறீங்க? இது ஐம்பது வயசுக்காரிக்குத்தான் வந்துச்சு. அவளுக்கும் ஏதாவது வரட்டும். வந்த தேதியையே போடுங்க."

போட்டேன். 1973 பிப்ரவரி 15, வியாழக்கிழமை.